பைக்குள் வைத்த கைகள்

5-7-1959, ஞாயிறு. காஜா பேராங்
கடைசிப் பிரசங்கம் முடிந்தது. தேர்தலில் நிற்பவர் போதகராக இருக்கக்கூடாது என்பது எங்கள் சபை விதி. அங்கியை மடித்து வைத்துவிட்டேன். குடியுரிமைக்காக நம் ஜனங்கள் படும் பாட்டைக் கோலாலம்பூர்ப் பாராளுமன்றத்தில் சொல்ல ஒருவன் வேண்டாமா? சலோமி சாதம் போட்டபடியே கேட்டாள்: "சீட்டு கெடைக்கும்ங்க. ஜெபம் நெலச்சு நிக்குமா?" பெண்டாட்டி கேட்கிற கேள்வியா இது? எனக்குக் கோபம் வந்தது.

18-7
சபை வீட்டைக் காலி செய்தாயிற்று. வாடகை வீடு ஒழுகுகிறது.

26-7
புக்கிட் பாருவில் தேர்தல் கூட்டம். நன்றாகத்தான் பேசினேன். முடிக்கும்போது — ஐயோ, பழக்க தோஷம் — இரண்டு கைகளையும் உயர்த்தி ஆசீர்வாதம் கூறிவிட்டேன். சபையார் தலைகுனிந்து 'ஆமென்' என்றார்கள். மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மேடையில் பக்கத்தில் நின்ற அப்துல் ஹமீதின் முகம் கறுத்துவிட்டது.

27-7
பாதிரி ஓட்டுக் கேட்கவில்லை, மதம் மாற்ற வந்திருக்கிறார் என்று ஊரெல்லாம் பேச்சு. வெறும் வாயை மெல்லுகிறவனுக்கு நானே அவல் கொடுத்தேன்! ஜாலான் பெண்டஹாராவில் ஹமீதின் ஜவுளிக்கடைக்குப் போனேன். முஸ்லிம் ஓட்டு அவரை நம்பித்தான் இருக்கிறது. துணியை மடித்துக்கொண்டே சொன்னார்: "ஒங்ககூட நிக்கிறேன் ஐயா. ஆனா பள்ளிவாசல்ல என்னைய கேக்குறாங்க லா. அந்தக் கைய இனிமே தூக்காதீங்க."
வாக்குக் கொடுத்தேன்.

2-8
செமாபோக் கூட்டம். கைகள் இரண்டும் கால்சட்டைப் பையில். கடைசிவரை எடுக்கவில்லை.

9-8
சபையைச் சேர்ந்த ஒரு கிழவி சாகக் கிடக்கிறாள். எத்தனையோ வருஷம் என் பிரசங்கம் கேட்டவள். தலையில் கை வைத்து ஜெபிக்கக் கூப்பிட்டார்கள். போனேன். தெருவில் நாலு பேர் நின்று பார்த்தார்கள். புதுப் போதகரை அனுப்புகிறேன் என்று வாசலோடு திரும்பிவிட்டேன். செய்தது சரிதான்.
சரிதானா?

10-8
கிழவி போய்விட்டாள். சலோமி தனியாகவே போய் வந்தாள்.

20-8
ஜெயித்துவிட்டேன். ஹமீது கட்டிப்பிடித்துக்கொண்டார். மாலை கனத்தில் கழுத்து வலிக்கிறது.

10-9
நாளை பாராளுமன்றம் கூடுகிறது; கோலாலம்பூரில் இருக்க வேண்டும். காலையில் சலோமி தோசை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். நான் சாப்பிடவும் இல்லை, பையிலிருந்து கையை எடுக்கவும் இல்லை.
"வீட்டுல யாரும் ஓட்டுப் போடலங்க," என்றாள். "ஜெபம் பண்ணுங்க."
கையைக் கூப்பினேன். கண்ணை மூடினேன். "அன்பார்ந்த வாக்காளப் பெருமக்களே" என்று வாயில் வந்தது.
சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. அவளே ஜெபித்தாள். நான் ஆமென் சொன்னேன்.