களாச்செடிக்கு மஞ்ஜா ஆகாது

அன்பு மகள் ஷர்மினிக்கு அம்மா எழுதிக்கொள்வது. பெர்மாஸ் ஜெயாவில் நாங்கள் எல்லாரும் முருகன் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறோம், அங்கே பெர்த்தில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் என் தங்கமும் அதேபோல் இருக்க வேண்டும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய், போனில் உன் முகத்தைப் பார்த்தால் எனக்குச் சொல்ல வந்தது பாதியில் நின்றுபோகிறது. உன் அண்ணன் மகள் லோஷினி பள்ளியில் கதை சொல்லும் போட்டியில் முதலாவதாக வந்தாள், அஞ்சாம் வகுப்போடு நின்ற இந்த ராசம்மா பேத்தியாக்கும் என்று கடைக்காரர் வரைக்கும் சொல்லிவிட்டேன்.

நீ கல்யாணத்துக்கு முன் கேட் ஓரமாக நட்டுவிட்டுப் போன களாச்செடி காய்த்துவிட்டது. இத்தனை வருஷமாகக் காலையும் மாலையும் அரிசி களைந்த தண்ணீரை ஊற்றி ஊற்றி வளர்த்தேன், ஆள் உயரத்துக்கு இலையும் முள்ளுமாக நின்றதே தவிர ஒரு பூ இல்லை. உன் அப்பா, முள்ளுக்குப் போயி மூணு வேளை சாப்பாடு போடுறியே ராசம்மா என்று கேலி செய்வார். உன் அண்ணன் சுகுமாறன், முள் கீறித் தன் காரில் கோடு விழுந்த அன்று, அலமாக், இத வெட்டிப் போட்டுடலாம் லா என்று கத்தியோடு வந்து நின்றான், என்னை வெட்டிவிட்டு அதை வெட்டு என்றேன்.

அப்புறம்தான் அந்த போன். பிரசவத்துக்கு வருகிறேன் என்றதற்கு நீ, வேணாம்மா, நீங்க மஞ்ஜா கொடுத்துக் கொடுத்துதான் எனக்கு ஒண்ணும் தெரியாமப் போச்சு, நாங்களே பாத்துக்கிறோம் என்றாய். செல்லம் கொடுத்தது ஒரு குற்றமா என்று எனக்கு மனசே விட்டுப்போயிற்று. வாசல் பக்கம் போகவில்லை, செடியையும் மறந்தேன். அந்தச் சமயம் மழையும் இல்லை, வெயில் கொளுத்தியது. செத்திருக்கும் என்று ஒரு நாள் எட்டிப் பார்த்தால் வெள்ளை வெள்ளையாய்ப் பூ, பிறகு கொத்துக் கொத்தாய் இளஞ்சிவப்புக் காய். பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா, கக் ரோஸ்னா, பார்த்துச் சிரித்துவிட்டு, இது காய்ஞ்ச மண்ணுச் செடி, மஞ்ஜா கொடுத்தா காய்க்காது என்றாள் மலாயில். அதே வார்த்தை. நான் காயைப் பறித்துக்கொண்டு உள்ளே வந்து நறுக்க உட்கார்ந்தேன், கையெல்லாம் பால் பிசுபிசுப்பு.

உனக்கு இன்னும் புளிப்பில்தான் நாக்கு போகிறது என்று மாப்பிள்ளை சொன்னார். பழமாகக் கொண்டுவர அங்கே விடமாட்டார்களாம், அதனால் ஊறுகாய் போட்டு, அங்கே வரும் பக்கத்துத் தெரு பிரேமலாவிடம் இந்தக் கடிதத்தோடு கொடுத்தனுப்புகிறேன். நீ கூப்பிடாமல் நான் வரமாட்டேன். பாஸ்போர்ட்டை மட்டும் புதுப்பித்து வைத்திருக்கிறேன், அது பாட்டுக்கு இருக்கட்டும். செடிக்கு இப்போது தண்ணீர் ஊற்றுவதில்லை, சாயங்காலம் போய் அதன் பக்கத்தில் கொஞ்ச நேரம் நிற்பேன். சும்மா நிற்பதால் அதற்குக் கெடுதல் இல்லையாம், கக் ரோஸ்னாவிடம் கேட்டுவிட்டேன்.

சுகப்பிரசவமாகித் தாயும் பிள்ளையும் தீர்க்காயுசாய் இருக்க வேண்டும். ஊறுகாயில் ஈரக் கரண்டி போடாதே.

உன் வாசலைப் பார்த்தபடி இருக்கும்
அம்மா ராசம்மா