அம்மாவின் பங்கு ரொட்டி

ஹாம்பர்க், பிப்ரவரி 1917

அன்பு மகன் ஹென்னிங்குக்கு, அப்பா எழுதுவது.

அம்மாவின் அடக்கம் முடிந்தது. உனக்கு விடுப்பு தரமாட்டார்கள் என்று தெரியும், வருந்தாதே. தணிக்கைக்காரர் கண்ணில் படாமலிருக்க இதை உங்கள் துறைமுகத்துக்கு வரும் யென்ஸ் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

இழவுக்கு வந்தவர்களுக்குக் காப்பியும் வெண்ணெய்க் கேக்கும் கொடுப்பதுதானே நம் வழக்கம்? காப்பி விற்றே ஆளான நான், வறுத்த டர்னிப் கிழங்கின் கஷாயத்தை ஊற்றினேன். கேக்கும் டர்னிப்தான். பக்கத்து வீட்டு கிராமர் அம்மாள் ஒரு வாய் குடித்துவிட்டு, "காப்பிக்கடைக்காரர் வீட்டு இழவுல மாட்டுத்தீவனமா? உங்க பையனோட போர்க்கப்பல் நங்கூரம் போட்டுத் தூங்குதாமே, எழுப்பிவிட்டு ரெண்டு மூட்டை கோதுமை கொண்டாரச் சொல்லுங்க" என்றாள். சொல்லிவிட்டு அவளே அழுதாள். அவள் பேரனும் போன மாதம் போய்விட்டான்.

துறைமுகத்தில் பாரந்தூக்கிகள் சும்மா நிற்கின்றன. ஆங்கிலேயன் கடலை அடைத்துவிட்டான். பத்திரிகைகள் வெற்றி வெற்றி என்கின்றன. நான் வியாபாரி. சரக்கு வரும் வழி அடைபட்டால் எவ்வளவு பெரிய கடையும் மூடத்தான் வேண்டும், நாடும் அப்படித்தான்.

டாக்டர் நிமோனியா என்று எழுதினார். அவளைத் தூக்கிக் கிடத்தியவன் நான். காலிச் சாக்கின் கனம்கூட இல்லை.

வாட்டிய ரொட்டித்துண்டுகள் உன் கப்பலுக்குப் பொட்டலமாக வந்தனவே, கடைக்காரர் வீட்டில் மாவுக்கென்ன பஞ்சம் என்று நினைத்திருப்பாய். நானும் அவள் தன் பங்கைத் தின்கிறாள் என்றே நம்பினேன். ரேஷன் சீட்டுக்குக் கிடைத்த அவள் பங்கு ரொட்டி முழுக்க உனக்குத்தான் வந்தது. இதை உன்னிடம் சொல்லாமலே இருந்திருப்பேன். உன் தங்கை வீப்கே சொல்ல வைத்துவிட்டாள்.

நேற்று அவள் தலையணைக்கடியில் ஒரு காலுறை நிறைய ரொட்டித்துண்டுகள். அதட்டினேன். "அண்ணனுக்கு இனிமே யாருப்பா அனுப்புவா?" என்றாள். அவளுக்கும் இருமல் தொடங்கியிருக்கிறது. கன்னம் ஒட்டிப்போய் அப்படியே அம்மா முகம். என் பேச்சைக் கேட்கமாட்டேன் என்கிறாள்.

உடனே அவளுக்கு எழுது. கப்பலில் தினமும் கறி போடுகிறார்கள், சாப்பிட்டு மாளவில்லை, பொட்டலம் வந்தால் கடலில்தான் எறிவேன் என்று எழுது. உண்மையா என்று நான் கேட்கமாட்டேன். சிரித்த முகமாக ஒரு படம் எடுத்து அனுப்பு; கன்னம் தெரியாதபடி காலரைத் தூக்கி விட்டுக்கொள்.

கடவுள் உன்னைக் காக்கட்டும் மகனே. இவளை நீ காப்பாற்று.

உன் அப்பா,
லூடர் ப்ரூன்ஸ்