பெல்ட்டில் சிக்காத சால்வை

என் ஆசை அண்ணே,

சுகமாக இருக்கிறாயா என்று கேட்க மனசு வரவில்லை. கோபமாக இருக்கிறேன். உன்மேலும்தான்.

கட்டிலுக்கடியில் நீ அடுக்கி வைத்திருந்த இங்கிலீஷ் புத்தகங்களை நேற்று வெளியே இழுத்துப் போட்டேன். ஹட்டன் பழைய புத்தகக் கடையில் நீ பொறுக்கியெடுத்த கதைகள். எல்லாவற்றிலும் ஒரு கொலை, ஒரு கோர்ட், தலையில் பொய்முடி மாட்டிய ஒரு வக்கீல். அடுப்பில் வைக்கத்தான் எடுத்தேன். பிறகு ஒன்றைப் பிரித்து உட்கார்ந்துவிட்டேன். சோறு அடிப்பிடித்துவிட்டது.

பெக்டரியில் தேயிலை ரோலரோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து, அந்தக் கதைகளை எங்களுக்கு நடித்துக் காட்டுவாயே. உன் மண்ணிறச் சால்வைதான் வக்கீல் அங்கி. அம்மா நீதிபதி. நான் எப்போதும் சாட்சி. ஒருநாளாவது என்னை வக்கீலாக விட்டாயா? "சாட்சி கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லணும்" என்று அதட்டுவாய். தீர்ப்புச் சொல்வதற்கு முன்பே நீதிபதி குறட்டை விடுவார்.

அப்படி என்னதான் இருக்கிறது இதில் என்று ஒருமுறை உன்னோடு சண்டைக்கு வந்தேன். சாகிறவன் பணக்காரன். அவன் மாளிகையில் தேத்தண்ணி ஊற்றுகிறவள் அரைப் பக்கம் வந்து அழுதுவிட்டுப் போகிறாள். அந்தத் தேத்தண்ணிக்குக் கொழுந்து பறித்தவள் அந்த அரைப் பக்கத்திலும் இல்லை. அந்த ஊர் வெள்ளைக்காரத் தொரைமார்தானே நம் ஆட்களைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தது? அவர்கள் ஊரில் கொலைகாரனுக்குக்கூடப் பேச ஒரு ஆள் எழுந்து நிற்கிறான். இங்கே காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் தோட்டத்துத் தொரையே போலீஸ், தொரையே நீதிபதி.

நீ சிரித்தாய். "அதுனாலதான் புள்ள வாசிக்கிறேன். அங்க எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் கூண்டுல ஏத்துனா பதில் சொல்லியே ஆகணும். நம்ம தொரை என்னைக்காவது நமக்குப் பதில் சொல்லியிருக்காரா?"

அண்ணே, உன் சாவுக்கு எவனும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

கொட்டகலைப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவள், சேதி கேட்டு நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். மரண விசாரணை நடந்தது. பெக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர் சிங்களத்தில் சொன்னார்: கழுத்தில் சால்வையோடு மெஷின் கிட்டப் போனான், மெஷினைச் சுற்றும் பெல்ட் சால்வையைப் பிடித்து இழுத்துவிட்டது. விசாரணை அதிகாரி என்னிடம் கேட்டது, "இது உங்க அண்ணன்தானா?" என்று மட்டும். ஆமாம் என்றேன். சொந்தக் கவனக்குறைவு என்று முடித்துவிட்டார்கள். நானும் நம்பினேன். அந்தச் சால்வை இல்லாமல் உன்னை யார் பார்த்திருக்கிறார்கள்?

அடக்கம் முடிந்து வந்ததும் மாமா உன் பாயையும் துணிமணியையும் நம் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் குவித்துக் கொளுத்தினார். ஆஸ்பத்திரியில் கட்டிக் கொடுத்த பையும் அதோடு போனது. அதில்தான் நீ கடைசியாகப் போட்டிருந்த சட்டை இருந்தது. செத்தவர் துணி வீட்டில் இருக்கக்கூடாது என்பது நம் வழக்கம். உன் புத்தகங்களில் எந்த முட்டாளும் அப்படிச் செய்யமாட்டான். பிறகு மாமா உள்ளே வந்து அம்மாவிடம் கையை நீட்டினார். "அந்தச் சால்வையையும் குடு தங்கச்சி."

அம்மா விடவில்லை. "காச்சல்ல கெடக்குறேன்னு காலையில புள்ள எனக்குப் போத்திவிட்டுட்டு வெறும் சட்டையோட போச்சு. இத நான் குடுக்கமாட்டேன்."

வீடு நிறைய ஆள் இருந்தும் யாருக்கும் உறைக்கவில்லை. எனக்கு உறைத்ததும் அம்மா கையிலிருந்து வாங்கி விரித்துப் பார்த்தேன். ஒரு நூல்கூடப் பிரியாத சால்வை. அப்படியானால் பெல்ட் இழுத்தது எதை? சட்டையைப் பார்க்கப் பின்னால் ஓடினேன், அது சாம்பலாகியிருந்தது. மாமாவை வாய்க்கு வந்தபடி ஏசினேன். பாவம், அவருக்கு என்ன தெரியும்? தொடாதீர்கள் என்று சொல்லத் தெரிந்த ஒரே ஆளைக் குழியில் வைத்துவிட்டல்லவா வந்திருந்தோம்.

பிறகுதான் உன்னோடு வேலை செய்த முருகையா அண்ணன் என்னை ஒதுக்கமாகக் கூப்பிட்டார். "பெல்ட்டு மூடியக் கழட்டி ரொம்ப நாளாச்சு தங்கச்சி. உங்க அண்ணன் சொல்லிச் சொல்லிப் பாத்துச்சு. சட்டைக் கையத்தான் இழுத்துச்சு. நான் சொன்னேன்னு சொல்லிறாதீங்க, எனக்கும் புள்ளைங்க இருக்கு."

கூண்டு, கேள்வி என்று அவ்வளவு வாய் பேசினாயே, மூடியில்லாத மெஷினைத் தொடமாட்டேன் என்று ஏன் அண்ணே ஒதுங்கி நிற்கவில்லை? நின்றிருந்தால் வேலை போயிருக்கும். தெரியும். தெரிந்தும் ஆத்திரம் அடங்கவில்லை.

தலவாக்கலையில் ஒரு சட்டத்தரணியைப் பிடித்தேன். நம் தோட்டத்துப் பக்கத்துப் பெண்தான். சட்டை எங்கே என்று கேட்டார். எரித்துவிட்டோம் என்றதும் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டார். சால்வையை விரித்துக் காட்டினேன். வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். விசாரணையை மறுபடி எடுக்கச் சொல்லி மனுப் போட்டார். இப்போது விசாரணைக்குத் தவணை நாள் கிடைத்திருக்கிறது. டீமேக்கருக்கும் அழைப்புப் போயிருக்கிறது.

"அவங்க சும்மா இருக்கமாட்டாங்க. உங்க அண்ணன்கிட்ட ரெண்டு சால்வை இருந்துச்சும்பாங்க" என்றார்.

"சொல்லட்டும் மேடம். அப்ப பெல்ட்டுல கிழிஞ்ச சால்வை எங்கன்னு நாம கேக்கலாம்தானே?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். எங்கே படித்தீர்கள் என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

புத்தகங்களைத் திரும்பக் கட்டிலுக்கடியில் அடுக்கிவிட்டேன். எதிர்த்தரப்பு என்ன கேட்கும் என்று பார்க்க ஒவ்வொன்றாக வாசிக்கிறேன். கோபம் குறையவில்லை. குறையவும் வேண்டாம்.

இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு. தவணையன்று அம்மாவைக் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் போவேன். சால்வையை மடித்துப் பையில் வைக்கமாட்டேன். டீமேக்கர் கூண்டில் ஏறும்போது, பெல்ட் இழுத்ததாக அவர் சொன்ன சால்வையைப் போர்த்திக்கொண்டு அம்மா எதிரே உட்கார்ந்திருப்பாள். இந்தத் தடவை தூங்கமாட்டாள்.

உன் வழக்குகளில் எல்லாம் சாட்சியாகவே நின்ற,
உன் தங்கச்சி
செல்வி