மாமியாரின் மூச்சு

பிப்ரவரி 3
கைக்கட்டை இன்று பிரித்தார்கள். இடது உள்ளங்கையில் நான்கு தையல் தழும்பு. போன மாதம் ஒரு பருந்தின் பின்நகம் உள்ளே இறங்கிப் புறங்கைப் பக்கம் எட்டிப் பார்த்த இடம். விரல்கள் மடங்குகின்றன. பறவைகளைப் பிடிக்க ஆகுமா என்று ஆஸ்பத்திரி டாக்டர் கேட்டார். ஆகும் என்றேன். இந்தப் பறவைக் காப்பகத்தில் அலகும் நகமும் வெட்டும்போது பிடிக்கிற ஆள் பதினோரு வருஷமாக நான்தான். ஆகாது என்று எந்த வாயால் சொல்வது?

பயமாக இருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் புளுகியிருப்பேன்.

பிப்ரவரி 7
காலையில் வீட்டுக்காரரால் தண்ணீர் பாட்டிலைத் திறக்க முடியவில்லை. "நீ மூடினா இனிமே நீயேதான் வந்து திறக்கணும். யார் மேல இவ்வளவு கோபம்?" என்றார். கோபமெல்லாம் இல்லை. கை எதைப் பிடித்தாலும் விடமாட்டேன் என்கிறது.

பிப்ரவரி 12
மாமியார் செத்துப்போனது.

எழுதிவிடுகிறேன். நாலாம் கூண்டுக் கிழட்டுக் கழுகு. எந்த இரையைப் போட்டாலும் நம்மை ஒரு முறை முறைத்துவிட்டுத்தான் தொடும், அதனால் என்னோடு வேலை பார்க்கிற நெட்டையன் வைத்த பெயர் அது. இறக்கை முறிந்து வந்தது, இனிப் பறக்காது. வெளியில் திரிகிற கழுகுக்கு எலும்பிலும் பாறையிலும் பட்டு அலகு தானாகத் தேயும். கூண்டுக் கழுகுக்கு வளர்ந்துகொண்டே போகும். இதன் மேலலகு வளைந்து வாயை மறிக்கப் பார்த்தது. வெட்டாமல் விட்டால் பட்டினிதான்.

எல்லாம் வழக்கம்போலத்தான் நடந்தது. பின்னாலிருந்து துண்டைப் போட்டேன். முதலில் கால்கள், இரண்டையும் சேர்த்துப் பிடித்து, நடுவில் என் விரல் ஒன்று. நெட்டையன், தான் தைத்த தோல் தொப்பியை மாட்டிக் கண்ணை மறைத்தான். மேசையில் மல்லாத்தினோம். காப்பகத்தின் கால்நடை டாக்டர் நகங்களை வெட்டி முடித்து, அலகை இரண்டு விரலால் மூடிப் பிடித்து அரம் போட ஆரம்பித்தார். அப்போது அது காலை ஒரு உதறு உதறியது. என் கை தானாக —

பறவைக்கு நெஞ்செலும்பு ஏறி இறங்கினால்தான் மூச்சு. காலைப் பிடி, இறக்கையைப் பிடி, நெஞ்சை மட்டும் அமுக்காதே. புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்கிற முதல் பாடமே அதுதான். என் முன்கை முழுசும் அதன் நெஞ்சின் மேல் கிடந்தது. அமுக்கினேன். அது அடங்கியது. அப்பாடா, அடங்கிட்டியா என்று நினைத்தேன். அதைத்தான் நினைத்தேன்.

டாக்டர் அரத்தை நிறுத்தி, "என்ன இவ்வளவு அமைதியா இருக்கு?" என்றார்.

தொப்பியைக் கழற்றினோம். கண் பாதி திறந்திருந்தது.

பிப்ரவரி 13
நாலாம் கூண்டுத் தண்ணீர்த் தொட்டியை யாரும் காலி செய்யவில்லை. நான் செய்தேன்.

பிப்ரவரி 16
நிர்வாகி எங்கள் மூவரையும் கூப்பிட்டார். உடலை அறுத்துப் பார்த்த டாக்டர், தொப்பி இறுக்கம், மூக்குத் துளை அடைத்துக்கொண்டது என்று எழுதியிருந்தார். நெட்டையன் தொப்பியை எடுத்து மேசைமேல் வைத்தான். இதே தொப்பியை இதே கழுகுக்கு எத்தனையோ தடவை மாட்டியிருக்கிறோமே என்றான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"அக்கா, நீங்க சொல்லுங்க. நீங்கதானே பிடிச்சிருந்தீங்க."

தரையைப் பார்த்துக்கொண்டே, எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்றேன்.

அவனை இன்றோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார்கள். சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு போனான். தொப்பி மேசையிலேயே கிடந்தது.

சீ.

பிப்ரவரி 17
பயந்தாங்கொள்ளி. பருந்துக்குப் பயந்தே, சரி. மனுஷனுக்குமா?

பிப்ரவரி 21
இன்று ஒரு ஆந்தைக்கு நகம். அதன் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்ததில் கால் பிடி தளர்ந்து, டாக்டர் விரலைக் கீறிவிட்டது. இறுக்கினால் கொல்கிறேன். தளர்த்தினால் கிழிக்கவிடுகிறேன். நடுவில் ஒரு பிடி இருந்ததே, பதினோரு வருஷமா இருந்ததே, எங்க போச்சு அது?

பிப்ரவரி 24
டாக்டரிடம் சொல்லிவிட்டேன். தொப்பி இல்லை சார், என் கைதான் என்றேன். வெட்டுக்கருவிகளைக் கழுவிக்கொண்டிருந்தவர் நிமிரக்கூட இல்லை.

"அறுத்துப் பார்த்தவன் நான். எனக்குத் தெரியாதா?"

அப்படியென்றால் ஏன் அப்படி எழுதினீர்கள் என்று கேட்டேன்.

"தொப்பி தைக்க யாரையாவது பிடிச்சுக்கலாம். பறவையைப் பிடிக்க ஆள் கிடைக்காதும்மா. விட்டுடுங்க."

என்னைக் காப்பாற்றியிருக்கிறாராம். நன்றி சொல்லுவேன் என்று வேறு எதிர்பார்த்தார் போல.

பிப்ரவரி 25
நிர்வாகியிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன், ஒரு பக்கம். என் கை செய்ததை மட்டும் எழுதினேன். டாக்டர் எழுதியதற்கு டாக்டர் பதில் சொல்லட்டும்.

வீட்டுக்காரரிடமும் சொன்னேன். வேலை போகுமா என்றார். போகலாம் என்றேன். "போனா போகட்டும், வந்து சாப்பிடு" என்றார். அப்போதுதான் அழுகை வந்தது.

மார்ச் 3
நெட்டையன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி கதவைப் பாதிதான் திறந்தாள். அவன் பின்னால் வந்து நின்றான். நடந்ததைச் சொன்னேன், எழுதிக் கொடுத்ததையும் சொன்னேன்.

"தெரியும்க்கா. உங்க கை எங்க இருந்துச்சுன்னு அன்னைக்கே பார்த்தேன்."

"அப்ப ஏன் சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

ஆக, அந்த அறையில் மூன்று பேருக்கும் தெரிந்திருக்கிறது. உட்காருங்கள் என்று அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தாங்கியிருக்க மாட்டேன். படியிறங்கி வந்துவிட்டேன்.

மார்ச் 11
வேலை போகவில்லை. இனி நான் கூண்டு கழுவினால் போதும். டாக்டரின் அறிக்கையைத் திருத்தி வாங்கிவிட்டார்கள்.

ஏப்ரல் 9
நெட்டையன் திரும்பி வந்து பத்து நாள் ஆகிறது. பிடிக்கிற வேலை இப்போது அவனுடையது. வெட்டும் நாளில் மேசைப் பக்கம் ஒருத்தர் எதையும் தொடாமல் நின்று, நெஞ்சைப் பார்த்து மூச்சைச் சொல்ல வேண்டும் என்று புது விதி போட்டிருக்கிறார்கள். அதற்கு நான்தான் வேண்டும் என்று கேட்டானாம், நிர்வாகி சொன்னார். என்னிடம் அவன் இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை.

இன்று ஒரு வல்லூறு. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். டாக்டர் அரத்தை எடுத்ததும் நெட்டையன் என்னைப் பார்க்காமலே கேட்டான்.

"ஏறுதா?"

"ஏறுது."

"இறங்குதா?"

"இறங்குது."

இருபது நிமிஷம் இதையே பேசினோம். முடிந்ததும் வல்லூறைக் கூண்டில் விட்டான். அது கம்பில் ஏறி உட்கார்ந்து இறகை உதறிக்கொண்டது. அவன் கையுறையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வெளியே போனான். ஒரு தடவைகூட அக்கா என்று கூப்பிடவில்லை.