அப்பா வெட்டிய வயர்

பாளையங்கோட்டை,
6-2-94

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் நலந்தானே? நாக்பூர்க் குளிர் தணிந்ததா? இங்கே பனி போய் வெயில் ஏறுகிறது.

அப்பாவின் வருஷத் திதி முடிந்த கையோடு பரணைச் சுத்தம் செய்தேன். பழைய வேட்டியில் சுற்றி அவருடைய பேஸ் கிட்டார் இருந்தது. கோர்ட் வேலை போக மெல்லிசைக் குழுவில் அவர் வாசித்ததெல்லாம் உனக்குத்தான் ஞாபகம் இருக்கும். தூத்துக்குடியில் ஒரு கப்பல்காரரிடம் வாங்கியது, அமெரிக்காவில் செய்தது என்று மட்டும் என்னிடம் சொல்லியிருக்கிறார். மேலே பச்சைப் பெயின்ட் அடித்துக் கெடுத்து வைத்திருக்கிறார்.

கம்பெனியிலிருந்து வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே ஆக்கிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். என்னோடு படித்த பெருமாள்ராஜைத் தெரியுமே, இப்போது மில்லில் வேலை பார்த்துக்கொண்டு குழுவில் பேஸ் வாசிக்கிறான். சித்திரைக் கடைசிச் செவ்வாய் களக்காட்டுப் பக்கம் ஒரு கோயில் கொடை. அன்றைக்கு இந்தக் கிட்டாரில்தான் வாசிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். உன் ஆல்பத்தில் அப்பா கிட்டாரோடு நிற்கும் படம் இருக்குமே, அதை அனுப்பு.

உன் தம்பி,
கார்த்தி

நாக்பூர்,
17-2-94

அன்புள்ள தம்பிக்கு,

திதிக்கு வர முடியவில்லையே என்ற குறை எனக்கு இன்னும் ஆறவில்லை. நீயோ திதியைப் பற்றி ஒரு வரி, கிட்டாரைப் பற்றி ஒரு பக்கம்! போகட்டும்.

இதோடு படம் வைத்திருக்கிறேன். கறுப்பு வெள்ளையில் நிறம் தெரியாது. நடுவில் தேன் நிறம், ஓரம் போகப்போகக் கறுப்பு. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

ஒன்று சொல்லட்டுமா? அப்பா அதை விற்கவும் இல்லை, பிறகு தொடவும் இல்லை. நான் தூசி தட்டப் போனால்கூட, "அங்கன போகாத" என்பார். பரணில் இருந்தது பரணிலேயே இருக்கட்டுமே.

அக்கா,
அனுராதா

பாளையங்கோட்டை,
13-3-94

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சொன்ன தேன் நிறம் அப்படியே வந்துவிட்டது. பெயின்டைச் சுரண்டிச் சுரண்டி விரலெல்லாம் புண். ஆனால் தந்திகள் வந்து மாட்டும் இரும்புத் தகட்டின் பக்கத்தில், மரத்தில் ஒரு கருகல் இருக்கிறது. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. அதை மறைக்கத்தான் பச்சை அடித்தாரோ என்னவோ.

உள்ளே திறந்தால், அந்தத் தகட்டுக்குப் போகும் வயரை யாரோ வெட்டி நுனியில் டேப் சுற்றி வைத்திருக்கிறார்கள். மேலப்பாளையத்தில் ரேடியோ கடை வைத்திருக்கும் தாஜ் முகம்மது அண்ணாச்சியிடம் காட்டினேன். தந்திகளை ஆம்பிளிஃபயரின் உடம்போடு சேர்க்கிற வயராம். அது இல்லாவிட்டால் வண்டு மாதிரி இரைச்சல் வருமாம். இதுவும் அப்படித்தான் இரைகிறது. அடுத்த வாரம் பற்றவைத்துவிடுவேன்.

கார்த்தி

நாக்பூர்,
21-3-94

அன்புள்ள கார்த்தி,

உன் கடிதம் வந்து அரை மணி நேரம் ஆகவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு எழுதுகிறேன். அந்த வயரைச் சேர்க்காதே.

நீ அப்போது கைப்பிள்ளை. அப்பா ஒரு கச்சேரியிலிருந்து வலக்கையை ஈரத்துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். பாடுவதற்காக மைக்கைப் பிடித்திருக்கிறார். இன்னொரு கை தந்தியில். கரண்ட் அடித்து, பிடித்தது பிடித்தபடி விட முடியவில்லையாம். கூட வாசித்த சுடலைக்கண்ணு மாமா மரப்பெஞ்சால் இடித்துத் தள்ளியிருக்கிறார். அதனால்தான் நமக்கு அப்பா மிஞ்சினார். மறுநாள் முற்றத்தில் உட்கார்ந்து அதைத் திறந்து அவரே வெட்டினார். அம்மா பக்கத்தில் நின்று அழுதாள். நான் பார்த்தேன்.

எனக்குக் கரண்டைப் பற்றித் தெரியாது. அப்பாவைத் தெரியும். காரணம் இல்லாமல் அவர் எதையும் வெட்ட மாட்டார். பெருமாள்ராஜிடமும் இதைச் சொல்லு.

அனுராதா

பாளையங்கோட்டை,
24-4-94

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, கோபிக்காதே. வயரைச் சேர்த்துவிட்டேன்.

நீ பயப்படுவது அந்தக் காலத்து மேடைக்கு. தாஜ் அண்ணாச்சி டெஸ்டர் வைத்துக் காட்டினார். ஆம்பிளிஃபயர் உடம்பில் கரண்ட் கசிந்தால் அந்த வயர் வழியாகத் தந்திக்கு வருமாம், ஆனால் எர்த் ஒழுங்காக இருந்தால் ஒன்றும் ஆகாது. "போற எடத்துல எல்லாம் எர்த் இருக்கான்னு பாத்துக்கிடணும்" என்றார், அவ்வளவுதான். சேர்த்ததும் இரைச்சல் நின்று, அந்த முதல் சுரம் நெஞ்சுக்குள் இறங்கியது பார், நீ கேட்டிருக்க வேண்டும். அப்பா வெட்டியது பயத்தில். கம்பெனி போட்டதுதான் சரி.

நீ எழுதியதைப் பெருமாள்ராஜிடம் சொல்லவில்லை. சொன்னால் மேடையில் அவன் கை நடுங்கும். வாசித்துப் பார்த்துவிட்டு நித்யாவையும் கூட்டி வந்து காட்டினான். கல்யாணமாகி இன்னும் வருஷம் திரும்பவில்லை. இரண்டு பேர் முகத்திலும் அப்படி ஒரு சிரிப்பு.

கொடை முடிந்ததும் போட்டோ அனுப்புகிறேன்.

கார்த்தி

பாளையங்கோட்டை,
15-5-94

அக்கா,

பெருமாள்ராஜ் போய்விட்டான்.

சாயங்காலம் கோடை மழை கொட்டி மேடைப் பலகையெல்லாம் நனைந்துவிட்டது. லைன் கரண்ட் போய், மைக்செட் போட்ட தளவாய் அண்ணாச்சி ஜெனரேட்டரை ஓடவிட்டார். எர்த் இருக்கிறதா என்று கேட்க வேண்டும் என்று நினைத்தேன். அதற்குள் சாமி வருகிறது என்று வழிவிடச் சொன்னார்கள். முதல் பாட்டில் கூடப் பாட, மைக்கைத் தன் பக்கம் இழுத்தான். சத்தமே போடவில்லை. ஆடுகிறான் என்று நினைத்துக் கீழே கை தட்டினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

ஊர்க்காரர்கள் தளவாயை அடித்துவிட்டார்கள். போலீஸ் அவரை உள்ளே வைத்திருக்கிறது. நித்யா என்னைப் பார்த்து ஒன்றுதான் கேட்டாள். "அண்ணே, நீங்க பாத்துப் பாத்துச் சரிபண்ணின சாமானாச்சே, அதுலயா இப்படி ஆச்சு?"

"எல்லாம் அந்த ஜெனரேட்டர்தாம்மா" என்றேன்.

வயரைப் பற்றி யாரும் கேட்கவில்லை. உன் காலில் விழுந்து கேட்கிறேன், நீயும் யாரிடமும் சொல்லிவிடாதே.

கார்த்தி

நாக்பூர்,
23-5-94

கார்த்திகேசனுக்கு,

கடிதம் கிடைத்தது. அத்தானிடம் காட்டவில்லை. காட்டக் கூசியது.

எர்த் இல்லாமல் மேடை போட்டது தளவாயின் தப்பு. அதற்கு அவர் அடிபட்டு உள்ளே இருக்கிறார். நீ வெளியே இருக்கிறாய். அந்தப் பையனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மைக்கைத் தொடுமுன் அவன் யோசித்திருப்பான். கை நடுங்கினால் நடுங்கிவிட்டுப் போகட்டும் என்று உனக்குத் தோன்றவில்லையே.

அழுது அழுது இப்போதுதான் ஓய்ந்தேன். உனக்காகவும்தான் அழுதேன். நீ நான் தூக்கி வளர்த்த பிள்ளை.

ஜூன் ஐந்தாம் தேதி காலை ஜங்ஷனில் இறங்குகிறேன். வீட்டுக்கு வரவில்லை. நேரே நித்யா வீட்டுக்குப் போகிறேன். அதற்குள் நீ போய் அவளிடமும் போலீசிடமும் உள்ளதைச் சொல்லியிருந்தால், நான் பேசாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். சொல்லியிருக்காவிட்டால் நான் சொல்லுவேன்.

ஸ்டேஷனுக்கு வராதே.

அனுராதா