தொட்டிக்குள் இறங்கச் சொன்னது

ஜூன் 8, ஞாயிறு

காலையிலிருந்தே தூறல். உக்கடத்தில் இறங்கி, பயிற்சி நிலையம் வரை நடை. தொழிற்சாலைப் பாதுகாப்புச் சான்றிதழ் படிப்பு. ஞாயிறு மட்டும் வகுப்பு. போட்டோ நாலு, ஆதார் நகல், டி.சி. நகல். விண்ணப்பத்தில் 'ஏன் சேர விரும்புகிறீர்கள்?' என்று ஒரு கட்டம். 'பதவி உயர்வு' என்று எழுதினேன். பொய்.

வகுப்பில் எல்லாருக்கும் இருபது, இருபத்தஞ்சு வயசு. எனக்கு நாற்பத்தேழு. வாத்தியார் என்று நினைத்து ரெண்டு பேர் எழுந்து நின்றார்கள்.

ஜூன் 10, செவ்வாய்

பெருந்துறை. சாயப்பட்டறையில் பகல் ஷிப்ட். மதியம் தயிர்சாதம், பாதி மிச்சம். கழிவுநீர்த் தொட்டிப் பக்கம் இன்றும் போகவில்லை. சூப்பர்வைசரான நான் இப்படி எத்தனை நாள் ஓட்ட முடியும்?

போன நவம்பரில் அந்தத் தொட்டியில்தான் அருளின் உயிர் போனது. தங்கச்சி ஸ்டெல்லாவின் வீட்டுக்காரர், என் கீழ்தான் வேலை. வால்வு அடைப்பு எடுக்க இறங்கினார். விஷவாயு. "அஞ்சு நிமிஷ வேலைங்க மாப்ளே, எறங்கிப் பாத்துருங்க" என்று சொன்னது நான். விசாரணையில் 'அவராகவே இறங்கினார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டதும் நான்.

ஜூன் 15, ஞாயிறு

நல்ல வெயில். வாயு அளக்கும் கருவியைக் கையில் கொடுத்தார்கள். செல்போன் அளவுதான். கயிற்றில் கட்டி உள்ளே விட வேண்டும். ரெண்டு நிமிஷம். அது சத்தம் போட்டால் யாரும் இறங்கக் கூடாது.

"கருவி இல்லாத எடத்துல என்னங்க சார் பண்றது?" என்று கேட்டேன்.

"எறங்கக் கூடாதுங்க. அவ்வளவுதான்."

அதற்கு மேல் நோட்டில் எதுவும் எழுத ஓடவில்லை. பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

சாயங்காலம் நேராக அன்னூர், ஸ்டெல்லா வீடு. பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். நறுக்குவதை நிறுத்தவில்லை அவள்.

"தெரியுமுங்ணா. எறங்கறதுக்கு முன்னால போன் பண்ணுனாரு. அண்ணன் சொல்லீட்டாரு, முடிச்சுப்போட்டு வாரேன்னாரு."

இத்தனை மாசம் ஏன் ஒரு வார்த்தை கேக்கல என்றேன்.

"கேட்டா நீங்க ஊட்டுக்கு வர்றத நிறுத்திப்போடுவீங்க. எனக்கு வேற ஆரு இருக்கறாங்க?"

நறுக்கிய பீன்ஸைப் பாத்திரத்தில் அள்ளிப் போட்டுவிட்டுச் சொன்னாள்: "அவரு தன்னால எறங்கலீங்ணா. அந்தக் காயிதத்த மட்டும் மாத்திக் குடுத்துருங்க."

ஜூன் 17, செவ்வாய்

லீவு போட்டேன். புழுக்கம். விசாரணை நடத்திய அலுவலகத்தில் மனு. ஒரே பக்கம். நான்தான் இறங்கச் சொன்னேன், முன்பு எழுதியது பொய் என்று. கிளார்க் படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "யோசிச்சுத்தான் குடுக்கறீங்களா?" ஆமாங்க என்றேன். சீல் போட்டுக் கொடுத்தார். வேலை போகும். கேஸும் வரலாம்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்டெல்லாவுக்குப் போன். குடுத்துட்டேன் கண்ணு என்றேன். அழுதாள். அருள் போனதிலிருந்து என் காதுபட அவள் அழுதது இதுதான் முதல் தடவை. போனை வைக்காமல் நின்றேன். ரெண்டு பஸ் போய்விட்டது.

"இந்த ஞாயித்துக்கெழம வராதீங்ணா" என்றாள். "உங்க மொகத்தப் பாக்க முடியாதுங்க. அடுத்த வாரம் வாங்க."