இடக்கைச் சமையலறை

ஜூன் 4

அன்புள்ள வெல்டர் ஐயாவுக்கு,

உங்கள் டெய்லர் எழுதிக்கொள்வது. நான் நலம். பாலத்தின் மேல் ஏறி நிற்கும் உங்கள் நலம்தான் கவலை. போன் எடுக்காத இடத்தில் வேலை பார்க்கும் ஆளைக் கட்டிக்கொண்டால் இந்த வயதில் உட்கார்ந்து கடிதம் எழுதத்தான் வேண்டும், வேறு வழி?

கல்யாணமாகி ஒரு மாதத்தில் நீங்கள் கிளம்பிவிட்டீர்கள். நான் வீட்டோடு பழகப் பார்க்கிறேன், வீடு என்னோடு பழக மாட்டேன் என்கிறது. சமையலறையைத்தான் சொல்கிறேன். கரண்டி மாட்டும் கம்பி அடுப்புக்கு இடது பக்கம். கத்தி செருகும் இடமும் இடது பக்கம். மேடைக்கு அடியில் உள்ள ஒரே இழுப்பறை, அதுவும் இடது பக்கம். எதை எடுக்கவும் உடம்பைத் திருப்ப வேண்டியிருக்கிறது. நேற்று உங்கள் தங்கச்சி வந்தபோது கேட்டேன். "மொத அண்ணிக்கு இடது கைப் பழக்கம். அண்ணன் பார்த்துப் பார்த்து அவங்க கைக்கு ஏத்த மாதிரி செஞ்சு குடுத்தாரு. குருவி குருவின்னுதான் கூப்பிடுவாரு" என்றாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான் சிரித்துவிட்டேன். செத்துப்போனவர் மேல் எனக்கு என்ன கோபம்? அவரை அக்கா என்றுதான் நினைத்துக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். நீங்கள் வந்ததும் இந்தச் சமையலறையை என் கைக்கு மாற்றிக் கொடுங்கள். நீங்கள் பலகை அறுங்கள், நான் பிடித்துக்கொள்கிறேன். வேலை முடிந்ததும் இரண்டு நாள் ஏரிக்கரைக்குப் போய் வரலாம். மழைக்காலத்தில் அங்கே விடுதி பாதி வாடகைதானாம். சாப்பாட்டை நானே கட்டி எடுத்துக்கொள்வேன், செலவு இல்லை. நான் இதுவரை ஏரியையே பார்த்ததில்லை.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் டெய்லர்

ஜூன் 19

அன்புள்ள டெய்லரம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே நலம். சாப்பாடுதான் வாயில் வைக்க முடியவில்லை.

சமையலறையை வந்து பார்த்துக்கொள்வோம். அந்தக் கம்பியெல்லாம் நானே பற்றவைத்துச் சுவருக்குள் இறக்கியது. பிடுங்கினால் சுவர் பெயர்ந்துவிடும். போகப் போக உனக்கே பழகிவிடும். ஏரிக்குப் போவதையும் பார்க்கலாம்.

கதவைப் பூட்டிவிட்டுப் படு.

இப்படிக்கு,
வெல்டர்

ஜூலை 8

அன்புள்ள வெல்டர் ஐயாவுக்கு,

ரவிக்கை அளவு குறிக்கும் சீட்டில்கூட நான் இதைவிட அதிகம் எழுதுவேன். போகட்டும்.

பழகிவிடும் என்று எழுதினீர்கள். பழகிவிட்டது, அதுதான் இப்போது பயம். போன வாரம் சூப்பைக் கிண்டிக்கொண்டே குனிந்து பார்த்தேன். கரண்டி என் இடது கையில் இருந்தது. எப்போது மாற்றினேன் என்று தெரியவில்லை. உங்கள் தங்கச்சி ஒரு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "இது அவங்க கைப்பக்குவம். உங்களுக்கு யார் சொல்லிக்குடுத்தா?" என்று கேட்டாள். யாரும் சொல்லித்தரவில்லை. என் தையல் கடையில் கத்தரி எடுத்தால் இடது கைதான் முந்துகிறது. கத்தரி வலது கைக்குச் செய்தது, துணியை வெட்டாமல் மென்று வைக்கிறது.

முந்தாநாள் வெந்நீர்ப் பாத்திரத்தை இறக்கப் போனேன். பிடி இடது பக்கம் திரும்பியிருந்தது. அப்படி வைத்தது நானில்லை. வலது கை வெந்து கட்டுப் போட்டிருக்கிறது. இந்தக் கடிதம் இடது கையால் எழுதுவது. பிறந்ததிலிருந்து அந்தக் கையால் ஓர் எழுத்து எழுதியதில்லை, கோணல்மாணலாக வரும் என்றுதான் உட்கார்ந்தேன். பாருங்கள், ஓடுகிறது. என் எழுத்து மாதிரியே இல்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது. இந்த வீட்டில் நான் நானாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறேன். லீவு போட்டு ஒரு தடவை வந்துவிட்டுப் போங்கள்.

உங்கள் டெய்லர்

ஜூலை 15

என் குருவிக்கு,

கவரின் மேல் எழுத்தைப் பார்த்ததும் மேலேயிருந்து இறங்கி வந்துவிட்டேன். கூட இருக்கிறவர்கள் என்னவோ ஏதோ என்று பயந்துவிட்டார்கள். எத்தனை காலமாயிற்று உன் எழுத்தைப் பார்த்து! சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் வேலை செய்கிறேன். சாப்பிடும்போது எடுத்துப் படிக்கிறேன். இந்தச் சாப்பாடுகூட இறங்குகிறது.

கை சுட்டுக்கொண்டாயா? பக்கத்தில் இருந்தால் பழையபடி ஊதிவிட்டிருப்பேன். எப்போதும் அவசரம் உனக்கு.

சமையலறையில் எதையும் மாற்றாதே. எல்லாம் உன் கைக்கென்று செய்தது. லீவு சொல்லிவிட்டேன், அடுத்த மாதம் ஏரிக்குப் போகிறோம். அந்த மாடி அறையையே கேட்போம். நீ மழையில் நனைந்து காய்ச்சலோடு படுத்துக்கொண்டு சிரித்தாயே, அந்த அறை.

என்றும் உன்னவன்

ஜூலை 24

வெல்டர் ஐயாவுக்கு,

கட்டுப் பிரித்தாயிற்று. இதை வலது கையால் எழுதுகிறேன். தோல் இன்னும் இழுக்கிறது, எழுத்து அசிங்கமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்தேன். அவ்வளவு அன்பாக எனக்கு யாரும் எழுதியதில்லை. இப்போதும் எழுதவில்லை. உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்து, அதை மடித்துச் சமையலறை இழுப்பறையில் போட்டு மூடினேன், உரியவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று. காலையில் வந்து பார்த்தால் மேடைமேல் பிரித்து வைத்திருந்தது. காற்று என்பீர்கள். மூடிய இழுப்பறைக்குள் எந்தக் காற்று வரும்?

அன்றைக்கே துணிமணிகளை எடுத்துக்கொண்டு கடையின் பின்னறைக்கு வந்துவிட்டேன். சின்ன அறைதான், ஓர் ஆள் படுக்கலாம். இங்கே கத்தரி ஒழுங்காக வெட்டுகிறது. சூப்பும் வைத்தேன், உப்புக் கூடிவிட்டது. அது என் கைப்பக்குவம், நிம்மதியாகக் குடித்தேன்.

அக்கா மேல் எனக்குக் கோபமில்லை. உங்கள் மேல் இருக்கிறது. ஆனாலும் சாப்பாட்டு நேரம் வந்தால் நீங்கள் சாப்பிட்டீர்களோ என்றுதான் நினைப்பு போகிறது.

தபால்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். டெய்லருக்கு என்று எழுதினால் கடைக்குக் கொண்டுவந்து தருவார். குருவிக்கு என்று எழுதினால் வீட்டிலேயே போட்டுவிடுவார். அங்கே ஆள் இருக்கிறது.

டெய்லர்